தைலம் மணக்கும் பொன்னாடை

குளிரை ரசிப்பவர்களை நான் நம்புவதில்லை. ‘ஆகா, என்ன குளிர்!’ என்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு சொல்பவர்கள் எல்லாம் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்பவர்கள்தான். விடியற்காலையில் பைக் ஓட்டிக்கொண்டே அதைச் சொல்ல யாராலும் முடியாது. ‘ஆகா’ வரைக்கும் வாய் திறக்கும், அப்புறம் பல் தந்தியடிக்கத் தொடங்கிவிடும்.

கள்ளக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிர் பழக்கமில்லை. எங்கள் ஊரில் வெயில் காலம் ஒன்று, வெயில் கம்மியான காலம் ஒன்று. மார்கழியில் பால்காரர் காதைச் சுற்றித் துண்டு கட்டினால் குளிர் வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் துண்டை அவிழ்த்தால் போய்விட்டது. நடுவில் நான் செய்வதெல்லாம் மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைப்பதுதான். அதற்கே என் மனைவி, “இன்னாங்க, வூடே வேவுது, ஜாஸ்தி பண்ணுங்க” என்பாள்.

எங்களுடையது ஜவுளிக்கடை. எங்களுடையது என்பது ஒரு பேச்சுக்கு. கடை மாமனாருடையது, ஊருக்கு அது ‘பாய் கடை’, நான் கடையோடு சேர்ந்த மருமகன். லுங்கி, துண்டு, உள்பாவாடை எல்லாம் விற்போம் என்றாலும் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பொன்னாடைதான். சங்கராபுரத்திலிருந்தும் ரிஷிவந்தியத்திலிருந்தும்கூட விழா வைப்பவர்கள் தேடி வருவார்கள். பாராட்டு விழா, ஆண்டு விழா, பணி நிறைவு விழா, எதற்கும் பொன்னாடை இல்லாமல் நம் ஆட்களுக்குக் கை ஓடாது.

ஆனால் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன், பொன்னாடை என்பது துணியே இல்லை. புகைப்படம் எடுத்து முடிக்கும் வரை தோளில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு இடப்பட்ட வேலை. போர்த்தப்பட்டவர் ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டே மறு கையால் அதை உருவிப் பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிடுவார். வீட்டுக்குப் போனதும் பீரோவின் மேல்தட்டு, கொஞ்ச நாள் கழித்து டிவிக்கு உறை. குளிருக்குப் பொன்னாடை போர்த்திய மனிதன் ஒருவனும் இல்லை. மாமாவுக்கு இதெல்லாம் கவலையில்லை. அவருக்கு மடிப்புதான் முக்கியம். “மடிப்பு மேடையிலதான் பிரியணும் மாப்ள. வழியில பிரிஞ்சிதுன்னா அது வெறும் துணி” என்பார்.

ஒரு நாள் மத்தியானம் கல்வராயன் மலையிலிருந்து என் செல்லுக்குப் போன் வந்தது. கடைப் பலகையில் இருப்பது என் நம்பர்தான். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் இருக்கும் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை பேசினார். பல வருடங்களாகச் சத்துணவு சமைத்துப் போட்ட அம்மா ஓய்வு பெறுகிறாராம். அவருக்கும், பள்ளிக்கு விறகும் காய்கறியும் கொடுத்து உதவிய ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து இரண்டு டஜன் பொன்னாடை வேண்டும், பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் காலை ஒன்பது மணிக்கு விழா என்றார்.

“பஸ்ல பார்சல் போட்டுடலாம்” என்றார் மாமா.

“வேணாம் மாமா, நானே பைக்ல எடுத்துக்கினு போய்க் குடுத்துட்டு வரேன்” என்றேன்.

அப்போது நேரம் மத்தியானம், என் நெற்றியில் வியர்வை. இந்த இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடையில் பாவாடை நாடா அளந்துகொண்டிருந்தேன். வெளி ஆர்டர் ஒன்றைக்கூட மாமா என்னை நம்பி விட்டதில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

மாமா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். “மாப்ளைக்குக் குளுரு வுட்டுப் போச்சி போலக்கீது” என்றார். பிறகு நிபந்தனை போட்டார். “சரி, போய்ட்டு வாங்க. ஆனா ஒண்ணு, ஒரே ஒரு பொன்னாட ரிட்டர்ன் வந்தாலும் அப்புறம் வெளி ஆர்டர் பேச்சே எடுக்கக் கூடாது. நாடாவாண்டயே குந்திக்கணும்.”

ஒப்புக்கொண்டேன். இரண்டு டஜன் பொன்னாடையை மடிப்புக் கலையாமல் மலை ஏற்றி இறக்குவதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது?

விழா நாள் விடியலில் என் மனைவி என்னை மூட்டை கட்டினாள். இரண்டு பனியன், அதற்கு மேல் சட்டை, சட்டைக்குள் மார்பை மறைத்து முந்தைய நாள் செய்தித்தாள், பனி படாமல் அதற்கு அடியில் என் போன், தலையில் மங்கி குல்லா, அதற்கு மேல் ஹெல்மெட். கையுறை இல்லாததால் கைக்குக் காலுறை. கட்டைவிரலுக்குத் தனி இடம் இல்லாததால் ஹாரன் அடிக்க முழங்கையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. கடைசியாக, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நெஞ்சிலும் முதுகிலும் கழுத்திலும் வலி நீக்கும் தைலத்தை அரை பாட்டில் தேய்த்துவிட்டாள். “சூடா இருக்கும்ங்க” என்றாள். அவள் மேல் தவறில்லை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அவள் போர்வைக்குள் படுத்துத்தான் பழக்கம், பைக் ஓட்டிப் பழக்கமில்லை.

கச்சிராயபாளையம் வரை நான் ராஜா. கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும்தான் தைலம் தன் வேலையைக் காட்டியது. தைலம் தேய்த்த இடத்தில் காற்று பட்டால் என்ன ஆகும் என்று யாராவது அறிய விரும்பினால் என்னைக் கேட்கலாம். நெஞ்சில் யாரோ ஐஸ் கட்டியை வைத்து இஸ்திரி போட்டார்கள். செய்தித்தாள் பனியில் நனைந்து நசநசத்துவிட்டது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குளிர் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடித்து உள்ளே வந்தது. சட்டைக் கைக்குள் ஏறியது, பேன்ட் காலுக்குள் ஏறியது. பைக் ஆடுகிறதா நான் ஆடுகிறேனா என்று தெரியவில்லை. குளிரை மறக்கச் சத்தமாகப் பேசிப் பார்த்தேன். குளிரைத்தான் திட்டினேன், மாமாவை நடுநடுவே.

ஒரு வளைவில் டீக்கடை வந்தது. பைக்கை நிறுத்திவிட்டு இறங்க முயன்றால் கால் மடங்கிய நிலையிலேயே இருந்தது. அந்தக் கோலத்திலேயே நடந்துபோய் அடுப்புக்கு முன்னால் நின்றேன். கடைக்காரர் ஒரு பனியனும் லுங்கியும் மட்டும் போட்டுக்கொண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கவே எனக்குக் குளிர் கூடியது.

“பின்னால இன்னாண்ணே மூட்ட?” என்றார்.

“து... து... துணி.”

“இன்னா துணி?”

“பொ... பொன்னாட.”

அவர் டீயை நீட்டினார். “பொன்னாடைய இன்னா பண்ணுவாங்க?”

“போ... போத்துவாங்க.”

“அப்போ போத்திக்கயேன். கட்டுச்சோத்த மடியில வெச்சிக்கினு எவனாச்சும் பட்டினி கெடப்பானா?”

போர்வையையும் போர்த்துகிறோம், பொன்னாடையையும் போர்த்துகிறோம். இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்தும் இரண்டும் ஒரே சொல் என்று எனக்குத் தோன்றியதில்லை. மாமாவின் முகம் கண்முன் வந்தது. அடுத்த வளைவும் கண்முன் வந்தது. மாமாவின் முகம் மறைந்துவிட்டது.

முதல் பொன்னாடையைப் பிரித்துப் போர்த்தினேன். ஒன்றும் ஆகவில்லை, சரிகை கழுத்தைக் குத்தியதுதான் மிச்சம். இரண்டாவதற்கும் அதே கதி. ஐந்தாவதில் ஏதோ நடந்தது. தனித்தனியாக ஒன்றுக்கும் உதவாத ஐந்து பேர் கூடினால் சங்கம் ஆகிவிடுவதில்லையா, அதுபோல. உள்ளே இளஞ்சூடு பரவியது. எனக்குப் பேராசை வந்தது. ஏழு, எட்டு, ஒன்பது என்று பிரித்துக்கொண்டே போனேன். டீக்கடைக்காரர் என்னைத் திருப்பி நிறுத்தி, நெஞ்சுக்குக் குறுக்கே மாற்றி மாற்றி இழுத்து முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டார். “பச்சப் புள்ளைக்குக் கட்ற மாதிரி கட்டிருக்கேன், அவுராது” என்றார். காவி, பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம். எந்தக் கட்சிக்காரர் எதிரே வந்தாலும் காட்டுவதற்கு என்னிடம் ஒரு முனை இருந்தது. இன்னும் பிரிக்காத மீதி மூட்டை மட்டும் பைக்கில் இருந்தது.

பிளாஸ்டிக் உறைகளைக் கசங்காமல் பத்திரப்படுத்திக்கொண்டேன். பள்ளிக்கு முன்னால் ஏதாவது ஒரு மறைவில் நிறுத்தி, எல்லாவற்றையும் கழற்றி மடித்து, உறைக்குள் போட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் போய் நிற்க வேண்டியது. கெட்டிக்காரன் திட்டம்தான். ஆனால் மூடுபனியில் பள்ளி எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. கடைசி வளைவைத் திரும்பினால் முன் சக்கரத்துக்கு நேரே பள்ளியின் கேட்.

மேளம் முழங்கியது. இரு பக்கமும் வரிசையாக நின்ற பிள்ளைகள் என் மேல் சாமந்திப் பூவை உதிர்த்துக் கொட்டினார்கள். யாரோ மாலை போட்டார்கள். ஒரு அம்மையார் கும்பிட்டபடி முன்னால் வந்தார். குரலை வைத்து அவர்தான் போனில் பேசிய தலைமையாசிரியை என்று தெரிந்தது. அன்றைக்குச் சிறப்பு விருந்தினராக மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வருவதாக இருந்தது, புதிதாக மாற்றலாகி வந்தவர், அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

“இவ்ளோ பெரிய பதவியில இருந்துக்கினு பைக்லயே வந்துட்டீங்களே சார்!” என்றார். என் உடம்பை ஒரு சுற்று பார்த்தார். “வர்ற வழியெல்லாம் மரியாத பண்ணி அனுப்பிருக்காங்க!”

நான் யார் என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். தாடை இறுகிப்போயிருந்தது. “க... க... கட...” என்றேன்.

“கடமதான் சார் முக்கியம். புரியுதுங்க சார்” என்றார் அவர் நெகிழ்ந்துபோய்.

கடையிலிருந்து வருகிறேன் என்ற வாக்கியம் ‘கட’வோடு நின்றுவிட்டது. என்னைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துப்போய் நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கீழே முதல் வரிசையில் ஓய்வு பெறும் சத்துணவு அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். திறந்தவெளி, வெயில் இன்னும் வரவில்லை.

“நாங்களும் உங்களுக்குப் பொன்னாட போத்தணும் சார். கள்ளக்குறிச்சிக் கடையில சொல்லிருக்கேன், இன்னும் வந்து சேரல. இருங்க, போன் பண்றேன்” என்றார் தலைமையாசிரியை.

போட்டார். என் நெஞ்சுக்குள் போன் அடித்தது.

ஒன்பது பொன்னாடை, ஒரு சட்டை, ஒரு செய்தித்தாள், இவற்றுக்கு அடியில் அது அடித்தது. காலுறை மாட்டிய கையால் துழாவினேன், சரிகைதான் அகப்பட்டது. “எடுக்க மாட்றான் பாருங்க சார். இந்தக் கடக்காரங்களே இப்டித்தான்” என்றார் அவர். நானும் தலையாட்டினேன். குளிரில் அது தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. அவர் துண்டித்தார், என் நெஞ்சும் ஓய்ந்தது. மறுபடி போட்டார், மறுபடி அடித்தது. அவர் மெல்லப் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என் நெஞ்சுப் பக்கம் குனிந்து கேட்டார்.

“நீங்க... கடையா?”

“க... கடைதாங்க” என்றேன். அப்போதுதான் தாடை இளகியது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்போ போத்திக்கினு இருக்கிறது?”

“உங்களுதுதாங்க.”

அந்த நேரத்தில் அவர் கையிலிருந்த போனே அடித்தது. நிஜ அதிகாரி. மலைக்குளிர் தாங்காது என்று யாரோ பயமுறுத்தியதில் முந்தின இரவே அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம், வர இயலவில்லையாம். தலைமையாசிரியை ஒரு நிமிடம் மேளக்காரர்களைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பசங்க பூ போட்டாச்சு. இனிமே உங்கள எறக்கவும் முடியாது. அப்டியே குந்திக்கினு இருங்க” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “ஆனா நீங்க போட்டுக் கசக்கினது ஒண்ணும் எங்களுக்கு வேணாம். கட்டுல இருக்கிற புதுசு மட்டும் குடுங்க. மத்தத நீங்களே திருப்பி எடுத்துக்கினு போயிடுங்க.”

ஒன்பது பொன்னாடையையும் கழற்றி மடித்துப் பார்த்தேன். சுருக்கம், பனி ஈரம், எல்லாவற்றுக்கும் மேல் தைல வாசனை. மேடையே பிரசவ அறை மாதிரி மணந்தது. ஒன்று திரும்பினாலே போச்சு என்றார் மாமா, ஒன்பது திரும்பப் போகிறது. மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தாலும் மனசளவில் நான் நாடாக் கட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாயிற்று. எனக்கு அழுகையே வந்தது.

சத்துணவு அம்மாவை மேடைக்கு அழைத்தார்கள். சிறப்பு விருந்தினர் என்ற முறையில் நான்தான் போர்த்த வேண்டும். மூட்டையிலிருந்து புதிய பொன்னாடை ஒன்றை எடுத்து, மாமா சொன்ன மாதிரி மடிப்பை மேடையிலேயே பிரித்து, அவர் தோளில் போட்டேன். அந்த அம்மா துள்ளி விலகினார்.

“யம்மாடி! சில்லுனு கீது!”

பிள்ளைகள் சிரித்தார்கள். வழியெல்லாம் பனியில் விறைத்த துணி, ஈரத் துணியைப் போட்டது மாதிரிதான் இருந்திருக்கும். அந்த அம்மா அதைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டு, நாற்காலி மேல் நான் குவித்துவைத்திருந்ததைக் காட்டினார்.

“தம்பி போத்திக்கினு இருந்தீங்களே, அதுல ஒண்ணு குடுங்க.”

நான் தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்பதுபோல் ஏதோ சைகை காட்டினார். அதற்குள் அந்த அம்மாவே குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த காவி நிறத்தை உருவிப் போர்த்திக்கொண்டார். என் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். புகைப்படம் எடுத்து முடித்தார்கள். அவர் கழற்றவில்லை. மைக்கை நீட்டினார்கள்.

“இன்னா பேசறது? இத்தினி வருசமா எல்லாருக்கும் நான்தான் சூடாப் போட்டேன். இன்னிக்கி எனக்கு ஒருத்தரு சூடாப் போட்டாரு” என்றார்.

கை தட்டினார்கள். தலைமையாசிரியைதான் ரொம்ப நேரம் தட்டினார்.

அதற்குப் பிறகு மேடை என் கையை விட்டுப் போய்விட்டது. விறகு கொடுத்த பெரியவர், “எனக்கும் அந்தத் தைலம் போட்டதே குடு தம்பி, முட்டி வலி” என்றார். காய்கறி கொடுத்தவர் தோளில் போட்டுப் பார்த்து, சூடு போதாது என்று மாற்றிக் கேட்டார். ஒன்பதும் ஒரு நொடியில் தீர்ந்துவிட்டன. இப்போது புதிய பொன்னாடைகளைத்தான் யாரும் சீண்டவில்லை. கதை தலைகீழாகி, மடிப்புக் கலையாதவை எல்லாம் திரும்பிவிடும் போலிருந்தது.

விடுவேனா? மீதி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் இருந்த சமையல் கொட்டகைக்கு ஓடினேன். பொங்கல் வெந்துகொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மொத்தத்தையும் போர்த்திக்கொண்டேன். மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். மேலே இருப்பதை உருவிக்கொண்டு மேடைக்கு ஓடுவேன். போர்த்திவிட்டுத் திரும்ப அடுப்புக்கு ஓடுவேன். சிறப்பு விருந்தினர் ஒருவர் இப்படி ஓடியதைப் பிள்ளைகள் பார்த்ததில்லை, கூடவே ஓடிவந்தார்கள். கடைசிப் பெயரில் என்னிடம் கடைசிப் பொன்னாடை இருந்தது. நான் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது பார்த்தால், பனி விலகி வெயில் அடித்தும் ஒருவரும் பொன்னாடையைக் கழற்றவில்லை. அதைப் போட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினார்கள், நாற்காலி எடுத்துவைத்தார்கள். தலைமையாசிரியை கேட் வரை வந்தார். “அடுத்த வருசம் ஆண்டு விழாவுக்கும் நீங்கதான் எடுத்துக்கினு வரணும். மூட்ட கட்டிக்கினு வராதீங்க, மேல போட்டுக்கினு வாங்க” என்றார்.

கடையை அடையும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மாமா கல்லாவில் இருந்தார்.

“எத்தினி ரிட்டர்ன் மாப்ள?”

“ஒண்ணும் இல்ல மாமா.”

அவர் எழுந்து வந்து மூட்டைத் துணியை வாங்கி உதறிப் பார்த்தார். ஒரு சாமந்திப் பூதான் விழுந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மடிப்புக் கலைத்ததைச் சொன்ன இடத்தில் அவர் முகம் சுருங்கியது. சூடாக இருந்தது என்று கேட்டு வாங்கினார்கள் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பொன்னாட? சூடா இருந்திச்சா? இத்தினி வருசமா விக்கிறேன், எனக்கே தெரியாதே.”

அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார். தன் கையாலேயே மடிப்பைப் பிரித்தார். நான் பதறிப்போனேன். அவர் பாட்டுக்குப் போர்த்திக்கொண்டு போய்க் கல்லாவில் உட்கார்ந்தார். தலைக்கு மேல் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“ஒண்ணுந் தெரியலயே மாப்ள.”

“கொஞ்ச நேரம் இருங்க மாமா. தெரியும்.”

அதற்குள் துண்டு வாங்க ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். மாமாவை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். “இன்னா பாய், பொன்னாடையெல்லாம் பலமா கீது? யாரு உங்களுக்கு மரியாத பண்ணது?”

“எனக்கு இல்லீங்க, எங்க மாப்ளைக்குப் பண்ணாங்க” என்றார் மாமா, தோளில் நழுவியதை இழுத்து விட்டுக்கொண்டு. “நான் சும்மா போட்டுக்கினு கீறேன்.”